இரண்டு விரல் ஆட்டம்

ரோடுதான் சரியில்லை என்றார் இருதயசாமி.
லைசென்ஸில் அவர் பெயர் மியோ தான்.
தாக்கேத்தாவில் ரோடு சரியில்லை என்பது
தண்ணீர் ஈரமாயிருக்கிறது என்பது மாதிரி.
நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு டயரும் மாற்றிவிட்டார்.
பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒருவன்
அலைன்மென்ட் பார்த்துத் தாள் கொடுத்திருக்கிறான்.
தாளில் எல்லாம் பச்சை.
வண்டி மட்டும்
திருப்பினால் கொஞ்சம் யோசித்துவிட்டுத் திரும்புகிறது.

ஓட்டிப் பார்த்தேன். பழைய புரோபாக்ஸ், பின்னால் மீன் பெட்டி.
ஸ்டியரிங் வலப்பக்கம், ஓடுவதும் வலப்பக்கம்.
ஜப்பான்காரன் போட்ட கணக்கு ஒன்று, இந்த ஊர்க் கணக்கு ஒன்று.
முன்னால் லாரி போனால் டிரைவருக்கு எதிரே என்ன வருகிறதென்று தெரியாது.
இடது சீட்டில் புஷ்பராணி அக்கா கழுத்தை நீட்டி
"போ" என்றால் போவார்.
"இரு" என்றால் இருப்பார்.

இரண்டு விரல் அகலம் திருப்பும்வரை
சக்கரத்துக்குச் சேதி போகவில்லை.
மூன்றாம் விரலில்தான் விழிக்கிறது.

முதலில் டை ராடு எண்டைச் சந்தேகப்பட்டேன்.
எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படுவோம், விலை குறைவு.
அது கெட்டியாக இருந்தது.
ஆட்டம் அதற்கும் உள்ளே, எங்கோ.
ஜாக்கியை இறக்கினேன்.
பாரம் ஏறினால்தான் சில சாமான் உண்மை பேசும்.

"அக்கா, சாவியை ஒரு கட்டம் திருப்பி
ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும், மெதுவா,
முறத்துல நொய் கொழிக்கிற மாதிரி."
குழிக்குள் இறங்கி ரேக்கின் ரப்பர் உறையைப் பிடித்தேன்.
டொக்.
காதுக்கு முன்னால் விரலுக்கு வந்தது.
உறை கிழிந்து, கிரீஸ் இருந்த இடத்தில் சேறு.
சேற்றில் ஒரு மீன் செதில்.

"ரேக் போச்சு" என்றேன்.
"எத்தனை நாளா?"
கேட்டது அவரில்லை, அக்கா.
"ஒரு வருஷமாவது இருக்கும்."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.
பகோ ரோட்டில் போன மழைக்கு
ஒரு மாட்டுவண்டியும் மைல்கல்லும் இவர்கள் பம்பரும்.
அவள் லேட்டாகச் சொன்னாள் என்று அவர்,
சொன்னதைக் கேட்கவில்லை என்று அவள்.
ஒரு வருஷம் அந்தச் சண்டை
முன்சீட் இரண்டிலும் உட்கார்ந்து சந்தைக்குப் போய்வந்திருக்கிறது.
நான் குழிக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றேன்,
தேடுவதற்கு எதுவும் இல்லாமல்.

ஹாஃப் கட் கடையில் மூன்று ரேக் காட்டினார்கள்.
ஓரத்தில் எல்லாமே இறுக்கம். அதை நம்பக்கூடாது.
நடுவைத்தான் பார்க்கவேண்டும்.
வளைவில் அல்ல,
நேராகப் போய்ப் போயே பல் தேய்கிறது.

ஸ்டியரிங்கை சீட் பெல்ட்டால் கட்டினேன்.
ஷாஃப்ட் சேரும் இடத்தில் வெள்ளைப் பெயின்ட் ஒரு கோடு.
டை ராடு எண்டைக் கழற்றும்போது சுற்று எண்ணினேன்:
இடது பத்தொன்பது, வலது இருபத்தொன்று.
பத்தொன்பதிலா பதினெட்டிலா என்று குழம்பியபோது கரண்ட் போனது.
"பத்தொன்பது" என்றாள் அக்கா
போனில் விளக்கைப் போட்டபடி.
அவளும் எண்ணியிருக்கிறாள்.

மாட்டி, முறுக்கி, மழை விட்டதும் அவரிடம் கொடுத்தேன்.
வாசலைத் தாண்டியதும் வண்டி
டீக்கடைக் குட்டி ஸ்டூல்களைப் பார்த்துப் பாய்ந்தது.
"இரு!"
நின்றது.
புது ரேக்கில் கோளாறில்லை.
ஒரு வருஷமாக இரண்டு விரல் கூட்டிக் கூட்டித் திருப்பிய கை
இன்னும் கூட்டிக்கொண்டிருந்தது.

"கைக்கு ஸ்பேர் கிடைக்காது, நாலு நாள் மெதுவா ஓட்டுங்க" என்றேன்.
ஸ்போக் ஒரு நூல் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது,
வெள்ளிக்கிழமை வந்தால் சரி செய்துவிடலாம்.

போகும்போது பழைய ரேக்கைக் கேட்டாள் அக்கா.
இரும்புக்கடையில் நாலு காசு கொடுப்பான், அதற்கில்லையாம்.
உள்ளே இருக்கும் கம்பி நல்ல நேராக இருக்கிறது,
கருவாடு கோத்துக் காயப்போட.